தொண்டைக்கு ஒரு கோப்பு, காதுக்கு ஒரு கோப்பு



இன்றைய பொருள் சிறியது. பழைய செல்போன்களில் பதிந்து வைத்த குரல்களை இன்றைய கருவிகளில் கேட்கும்படி மாற்றுவது எப்படி? மாற்றும்போது எது மிஞ்சும், எது மிஞ்சாது? அவ்வளவுதான். செல்போன் கடையில் கொடுத்தால் பத்து நிமிட வேலை, இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். பத்து நிமிட வேலைதான், மறுப்பதற்கில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பலர் மூலக் கோப்பையே அழித்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

எந்தக் காலத்துப் பதிவுகள் இவை? 2003-இல் நோக்கியா 6600 வந்தது. குண்டுப் போன் என்று பலர் செல்லமாகச் சொன்ன அதே போன். அதற்கு முன்னும் சில போன்களில் ஒலிப்பதிவு வசதி உண்டு. ஆனால் 'ரெக்கார்டர்' என்ற சொல் டேப் ரெக்கார்டரை விட்டிறங்கிச் சட்டைப் பைக்குள் குடியேறியது அந்த ஆண்டுகளில்தான். பின்னால் என்70 வந்தது, சோனி எரிக்சன் வந்தது, இரண்டு சிம்மும் தெருவே கேட்கும் ஸ்பீக்கருமாகச் 'சைனா செட்' வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது. ஏறக்குறைய அந்த ஆலையின் ஆயுள்தான் நாம் பேசப்போகும் பதிவுகளின் காலமும்.

என்ன பதிந்தார்கள் மக்கள்? குழந்தையின் மழலையைப் பதிந்தார்கள். பாட்டியின் தாலாட்டைப் பதிந்தார்கள். விடுதி அறை அரட்டையை, கோயில் கொடையில் அடித்த உடுக்கையை, பங்காளிச் சண்டையில் நடந்த பஞ்சாயத்தை, இடம் விற்றவர் வாயால் சொன்ன வாக்குறுதியைப் பதிந்தார்கள். கேமரா மங்கலாக இருந்த காலம் அது. முகத்தைவிடக் குரல் தெளிவாகக் கிடைத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சிவப்புப் புள்ளி எரியும், பதிவு ஓடும். பல மாடல்களில் ஒரு நிமிடம் ஆனதும் தானாகவே நின்றுவிடும். பாட்டு பாதியில் அறுந்தது பாட்டியின் குற்றமல்ல, போனின் வரம்பு.

இன்று அந்தக் கோப்பைக் கணினியில் போட்டால் என்ன நடக்கிறது? 'இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி எழுகிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதன் பின் ஏ.எம்.ஆர். என்று மூன்று எழுத்து. உடனே ஒரு புத்திசாலி உறவினர் வருவார். 'பேரை மாத்தினா போதும்' என்பார். அந்த மூன்று எழுத்தை அழித்துவிட்டு எம்பி3 என்று அடிப்பார். புட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் விளக்கெண்ணெய் நல்லெண்ணெய் ஆகிவிடுமா?

நம்பாதவர்கள் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கட்டும். முதல் வரியில் ஒரு ஹாஷ் குறி, ஓர் ஆச்சரியக்குறி, பிறகு ஏ, எம், ஆர். கண்ணால் படிக்கலாம். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மனிதர் படிக்க முடியாத குப்பைக் குறிகள். பெயரை நூறு முறை மாற்றினாலும் அந்த முதல் வரி அப்படியே நிற்கும். நல்ல பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, இந்த வரியைத்தான் பார்க்கின்றன. வடிவம் மாற்றுவது என்றால் உள்ளே இருப்பதைப் பிரித்து, ஒலியாக விரித்து, வேறு முறையில் மீண்டும் எழுதுவது.

சரி, செல்போன் கம்பெனிகள் ஏன் இப்படி ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தன? பாட்டுக்கு எம்பி3 இருக்கும்போது குரலுக்கு ஏன் வேறொன்று?

காரணம் இரண்டு. முதலாவது, போனுக்குள் அந்த வேலையைச் செய்யும் பகுதி ஏற்கெனவே இருந்தது. நாம் ஒருவரை அழைத்துப் பேசும்போது நம் குரலைச் சுருக்கி அனுப்ப வேண்டும் அல்லவா? அதற்கென 1999-இல் தரமாக்கப்பட்ட முறைதான் ஏ.எம்.ஆர். அழைப்புக்குச் சுருக்கும் அதே கருவியைப் பதிவுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டாவது காரணம், இடம். 6600-உடன் வந்த மெமரி கார்டு 32 மெகாபைட். இன்று ஒரு திருமண அழைப்பிதழின் வீடியோகூட அதில் அடங்காது. ஆனால் அதில் ஐந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சு அடங்கும். எப்படி அடங்கும்?

இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

ஒலியைப் பதியும் சாதாரண முறை, அலையை அளந்து எண்களாக எழுதுவது. நொடிக்கு எத்தனை முறை அளந்தாலும் அத்தனை எண். ஏ.எம்.ஆர். அப்படிச் செய்வதில்லை. பேச்சை நொடிக்கு 50 துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு 20 மில்லிநொடி, அதில் 160 அளவுகள். அந்த 160 எண்ணையும் அது சேமிப்பதில்லை. மாறாக ஒரு கேள்வி கேட்கிறது: இந்த ஒலி வெளிவர வேண்டுமானால் பேசியவரின் தொண்டையும் வாயும் எந்த வடிவில் இருந்திருக்க வேண்டும்? குரல்நாண் எந்த வேகத்தில் அதிர்ந்திருக்க வேண்டும்? மூச்சு அதை எப்படித் தள்ளியிருக்க வேண்டும்? விடையைக் கணக்கிட்டு, உச்சத் தரத்தில் 244 பிட்டுகளில் எழுதிவைக்கிறது. கேட்கும்போது அந்த விடையைக் கொண்டு கணக்காலேயே ஒரு தொண்டையை உருவாக்கி, அதைப் பேச வைக்கிறது. பழைய போனில் நாம் கேட்பது பாட்டியின் குரலின் படியல்ல. பாட்டியின் தொண்டை எப்படி அசைந்தது என்ற குறிப்பைப் படித்து, போன் நமக்குப் பேசிக் காட்டுகிறது.

இந்தச் சிந்தனையின் தலைமகன்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பிஷ்ணு அடல் கான்பூரில் பிறந்தவர், லக்னோவிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்தவர், 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அங்கே மன்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளரோடு சேர்ந்து 1985-இல் 'செல்ப்' என்ற முறையை அறிவித்தார். குரல் தரமாக வந்தது. ஆனால் ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க, அந்நாளின் புகழ்பெற்ற கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் நூறு நொடிக்கும் மேல் உழைக்க வேண்டியிருந்தது! இதைப் போய் யார் பயன்படுத்துவார்கள் என்று அன்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் அந்தக் கணக்கை எளிதாக்கினார்கள். நோக்கியாவும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஜி.எஸ்.எம். போனுக்கேற்ற ஒரு வடிவத்தை ஆக்கினார்கள். அதுவே பின்னர் ஏ.எம்.ஆரின் உச்சத் தரமாக உள்ளே அமர்ந்தது. கிரே-1 திணறிய கணக்கின் வாரிசு, இருபது ஆண்டுக்குள் டீக்கடை வாசலில் ஒருவர் கையிலிருந்த போனில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

தொண்டையைப் படித்த வடிவம் என்பதால் அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. தொண்டையில்லாத ஒலியை அதற்குத் தெரியாது. 2005 வாக்கில் ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் யாரோ போனில் பதிந்த கெட்டிமேளத்தை இன்று போட்டுக் கேளுங்கள். நாதஸ்வரமும் இரண்டு தவிலும் ஒன்றாக எழும் அந்த நொடியில் போன் செய்வதறியாமல் தடுமாறும். அது ஒரே ஒரு தொண்டையைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. ஏதோ ஒரு கரகரப்பும் குமிழ்ச் சத்தமும் வரும். நடுவில் ஓர் அத்தை 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கத்துவார். அந்தக் குரல் மட்டும் அச்சாகக் கேட்கும்.

இன்னொரு குறையும் அதே மூலத்திலிருந்து வருகிறது. ஏ.எம்.ஆர். நொடிக்கு 8,000 முறைதான் அளக்கிறது. ஆகவே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அதற்குள் நுழையவே முடியாது. நடைமுறையில் 200 முதல் 3,400 வரைதான் அதன் எல்லை. 'ஸ' என்ற சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. போனில் இனிஷியல் சொல்லும்போது 'எஸ்ஸா, எஃப்பா?' என்று எதிர்முனை கேட்பதும், 'எஸ் ஃபார் சேலம்' என்று நாம் கத்துவதும் இதனால்தான். பழைய பதிவில் 'சிவசாமி' என்ற பெயர் மழுங்கிக் கேட்டால் பேசியவரின் பல்லைக் குறை சொல்ல வேண்டாம்.

எம்பி3 இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் தொண்டையை விட்டுவிட்டுக் காதைப் படித்தார்கள். ஓங்கிய ஒலி அருகில் இருந்தால் மெல்லிய ஒலியை மனிதக் காது கேட்காது. கேட்காததை எதற்கு எழுத வேண்டும்? அதை விட்டுவிடு. இதுதான் எம்பி3-இன் சூத்திரம். ஒலியை எழுப்பியது தொண்டையா, தவிலா, தகரமா என்று அது கேட்பதில்லை. அதனால்தான் பாட்டுலகம் அதன் கைக்குள் போனது. 1995 ஜூலையில் கோப்புக்கு எம்பி3 என்ற வால் சூட்டப்பட்டது. 2017-இல் அதன் காப்புரிமை உரிமத் திட்டமும் முடிவுக்கு வந்தது. இன்று யாருக்கும் காசு கொடுக்காமல் யாரும் எம்பி3 எழுதலாம். எந்தக் கருவியிலும் பாடும்.

அன்பர்களே, இப்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏ.எம்.ஆர். ஒருமுறை கழித்தது. எம்பி3 அதன் மேல் இன்னொருமுறை கழிக்கப்போகிறது. முதலில் போனது திரும்பி வருமா? வராது. இரண்டாம் முறை போவதைக் குறைக்கலாமா? குறைக்கலாம். மாற்றும் கலை முழுவதும் இந்த இரண்டு விடைக்குள் அடங்கிவிடும்.

திரும்பி வராது என்பதைப் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. கடைக்காரர் '320-ல போட்டுத் தரட்டுமா?' என்று கேட்பார். பெரிய எண் அல்லவா, 'போடுங்க' என்போம். கணக்கைப் பாருங்கள். ஏ.எம்.ஆரின் உச்சத் தரத்தில் ஒரு நிமிடப் பேச்சு 96,000 பைட். அதையே 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 24 லட்சம் பைட். இருபத்தைந்து மடங்கு! குரல் இருபத்தைந்து மடங்கு தெளிந்ததா? ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒலியின் நிறமாலைக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். கீழே 4,000 ஹெர்ட்ஸ் வரை வண்ணம் நெளியும். அதற்கு மேல் கத்தியால் அறுத்தது போல ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஒரே வெறுமை. அந்த வெறுமையைத்தான் 24 லட்சம் பைட்டில் சுமக்கிறோம். பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் தாராளம். நிமிடத்துக்கு 4,80,000 பைட், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் எளிது.

பாதுகாத்து வைக்க வேண்டுமானால் எம்பி3 வேண்டாம், வேவ் வடிவம் எடுங்கள். அது எதையும் கழிப்பதில்லை. போன் விரித்துத் தரும் ஒலியை அப்படியே எழுதுகிறது. 8,000 அளவு, 16 பிட், ஒற்றைத் தடம் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 9,60,000 பைட். மூலத்தைப் போலப் பத்து மடங்குதான். இன்றைய பென் டிரைவுக்கு இது கடுகு. இடம் பற்றிக் கவலைப்படுவோர் ஃபிளாக் வடிவத்தை எடுக்கலாம், அதுவும் எதையும் கழிக்காமல் சுருக்கும்.

எம்பி3-இல் ஒரு சிறு முள் உண்டு. நொடிக்கு 8,000 அளவு என்ற வேகம் அதன் அதிகாரபூர்வத் தரத்தில் கிடையாது. பின்னால் ஒட்டிக்கொண்ட நீட்டிப்பு அது. காரில் உள்ள பழைய பிளேயர் சில அதைத் தப்பாகப் படிக்கும், குரல் கீச்சிடும் அல்லது இழுக்கும். எம்பி3 ஆக்கும்போது 16,000 அல்லது 22,050 என்று வைத்தால் தொல்லை இல்லை. தரம் கூடாது, ஆனால் எங்கும் ஓடும்.

எல்லாப் பழைய போனும் ஏ.எம்.ஆர். தானா? இல்லை. ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் சி.டி.எம்.ஏ. போன்களை நினைவிருக்கிறதா? அவற்றில் சில கியூ.சி.பி. என்ற குவால்காம் வடிவத்தில் பதிந்தன. குணம் ஏறக்குறைய அதேதான், அதுவும் தொண்டைப் படிப்பே. சில போன்கள் 3ஜிபி என்ற வாலோடு எழுதின. பயப்படாதீர்கள், மூன்று ஜிகாபைட் என்று அர்த்தமல்ல. அது படத்தையும் ஒலியையும் ஒன்றாக வைக்கும் கொள்கலம், உள்ளே பெரும்பாலும் அதே ஏ.எம்.ஆர். குரல் இருக்கும். தெரிந்தவர் கையில் கொடுத்தால் மறுபடி சுருக்காமல், கொள்கலத்தை மட்டும் உரித்துக் குரலை எடுத்துத் தந்துவிடுவார். சைனா செட்டுகளில் சில நேரடியாக வேவ் வடிவிலேயே பதிந்தன. அவற்றைத் தொடவே வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். எதை முதலில் செய்ய வேண்டும்? மென்பொருளைத் தேட வேண்டாம். முதலில் கோப்பைப் போனிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். கோப்பின் வடிவம் ஓடிப்போகாது, அதைப் படிக்கும் மென்பொருள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். சாகப்போவது போன். உதிரப்போவது மெமரி கார்டு. அதில் தகவல் நுண்ணிய மின்னூட்டமாக இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாமல் கிடந்தால் அந்த ஊட்டம் கசியும்.

போனுக்கு உயிர் வர வேண்டும். நல்ல சேதி ஒன்று. 6600, என்70, 1100 என்று எத்தனையோ நோக்கியாக்களில் இருந்தது பி.எல்.-5சி என்ற ஒரே பேட்டரி. 2007-இல் சூடேறும் அபாயம் என்று 4.6 கோடி பேட்டரிகளை மாற்றித் தருவதாக நோக்கியா அறிவித்தது நினைவிருக்கும், அதே பேட்டரிதான். பிளாட்பாரத்தில் விற்கும் சின்ன எஃப்.எம். ரேடியோக்களிலும் பாட்டுப் பெட்டிகளிலும் அந்த அளவு பேட்டரி போட்டதால் இன்றும் கிடைக்கிறது. பழைய பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். போனுக்கேற்ற முனையுள்ள பழைய சார்ஜர் வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் சார்ஜரும் கார்டு ரீடரும் அகப்படும். மற்ற ஊர்களில் பழைய போன் பழுதுபார்ப்பவரின் டப்பாவைக் கிளறச் சொல்லுங்கள்.

கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பாதிப் பதிவுகள் போனின் உள்நினைவகத்தில் இருக்கலாம். கார்டுக்கு ஒரு காலத்தில் பாஸ்வேர்டு போட்டிருந்தால் கார்டு ரீடர் அதைத் திறக்காது, அந்தப் போனிலேயே பூட்டை எடுப்பது நல்லது. போனை உயிர்ப்பித்து, 'சவுண்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் போய், அதற்குள் 'டிஜிட்டல்' என்று ஒன்றிருந்தால் அதையும் பாருங்கள். 'சவுண்ட் கிளிப்' என்ற ஒரே பெயரில் எண் மட்டும் மாறி வரிசையாக நிற்கும்.

அங்கிருந்து புளூடூத்தில் ஓர் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பலாம். புளூடூத் கோப்பைத் திருத்தாது, பைட்டுக்குப் பைட் அப்படியே போகும். ஐபோனுக்கு அனுப்ப முடியாது, அது புளூடூத்தில் கோப்பு வாங்காது. பிறகு வாட்ஸ்அப்பில் யாருக்காவது தர வேண்டுமானால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். பழைய போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் புதுப் போனை வைத்துப் பதிகிறார்களே, அது கடைசி வழி. போனின் எந்த வாசலும் திறக்காதபோது மட்டும். மின்விசிறிச் சத்தமும் தெருவில் போகும் ஆட்டோவும் சேர்ந்து வரும்.

கோப்பு கணினிக்கு வந்துவிட்டதா? மூலத்தை ஒரு தனிக் கோப்புறையில் போடுங்கள். அதைத் தொடாதீர்கள். அதன் படியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மாற்றும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை, நல்லவை எல்லாம் இலவசம். பாரிஸ் கல்லூரி ஒன்றில் மாணவர் திட்டமாகப் பிறந்த வி.எல்.சி. பிளேயர் ஏ.எம்.ஆரைப் பாடும், அதன் மெனுவில் 'கன்வர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாற்றியும் தரும். இரண்டு மூன்று கோப்புக்கு அது போதும். ஃபபிரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் பொத்தான்கள் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் இருநூறு கோப்பு இருந்தாலும் ஒரே கட்டளையில் முடிக்கும். ஏ.எம்.ஆர்., கியூ.சி.பி., 3ஜிபி எல்லாம் அதற்குத் தெரியும். ஆடாசிட்டியில் இந்த எஃப்எஃப்எம்பெக்கை இணைத்துவிட்டால் அங்கேயே திறந்து, வெட்டி, ஒட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

இணையத்தில் 'இங்கே போடுங்கள், எம்பி3 ஆகத் தருகிறோம்' என்று ஆயிரம் தளங்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? பாகப்பிரிவினைப் பேச்சு, ஆஸ்பத்திரியில் அப்பா சொன்ன வார்த்தை, அக்காவின் அழுகை. முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு அதை ஏற்றிவிட்டு, 'ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்' என்ற ஒரு வரியை நம்பி உட்கார்ந்திருப்பதா? வி.எல்.சி.யை இறக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது.

மூலத்தைத் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். கேரளத்தில் 2011 சட்டமன்றத் தேர்தல், ஏறநாடு தொகுதி. எதிர்த்தரப்பு பிரசாரத்தில் அவதூறான அறிவிப்புகளும் பாட்டுகளும் போட்டார்கள் என்று தோற்ற வேட்பாளர் பி.வி. அன்வர் வழக்குத் தொடுத்தார். அந்த ஒலிகளைக் கருவிகளில் பதிந்து, கணினிக்கு மாற்றி, சி.டி.யாக எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 18-ஆம் தேதி என்ன சொன்னது? சாட்சியச் சட்டம் 65-பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாத படி, சாட்சியமாக ஏற்கப்படாது என்றது. பிரசாரத்தில் போட்ட மூல சி.டி.க்களையே கொண்டுவந்திருந்தால் நிலைமை வேறு என்றும் சொன்னது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மீண்டும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. அதன் சான்றிதழ்ப் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பையே, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணையே, கேட்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஏ.எம்.ஆரை எம்பி3 ஆக்கினால் காதுக்கு அதே குரல்தான். ஹாஷுக்கு அது முற்றிலும் வேறு கோப்பு. நிலத் தகராறுப் பதிவை வைத்திருப்பவர்கள் எம்பி3-ஐக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போகாதீர்கள். போனோடு போங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. 'செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, குரலைப் புதிதாக்கித் தருமே?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். தரும். இரைச்சலைக் கழிக்கும், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்த வெறுமையை நிரப்பவும் செய்யும். ஆனால் எதைக் கொண்டு நிரப்புகிறது? வேறு ஆயிரம் பேரின் குரலில் கற்ற பழக்கத்தைக் கொண்டு. மழுங்கிய ஓர் எழுத்தை அது 'ஸ' என்று ஊகித்துப் போடும். பேசியவர் சொன்னது வேறாகவும் இருந்திருக்கலாம். திதி நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க அந்த வடிவம் நன்றாகவே இருக்கும். அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தனிப் பெயரில் வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு 'இதுதான் தாத்தா குரல்' என்று காட்டுவது மூலமாக இருக்கட்டும். இரைச்சல் நீக்கத்தையும் அளவோடு செய்யுங்கள். முழுவதும் துடைத்தால் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போலாகிவிடும்.

இந்தத் தொல்லை பழைய போனோடு முடிந்ததா என்றால் இல்லை. 2009-இல் ஐபோனில் வந்த வாய்ஸ் மெமோ எம்4ஏ என்ற வாலோடு எழுதியது. 2013 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. இன்று அது ஓபஸ் வடிவத்தில் வருகிறது. தரமான வடிவம்தான், தொண்டையையும் காதையும் சேர்த்தே படித்தது. ஆனால் போன் தொலைந்தால் அதுவும் தொலையும். பத்து வருடக் குரல் செய்திகளை வாட்ஸ்அப்புக்குள்ளேயே விட்டுவைத்திருப்பவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால், தூக்காத கைதான் குறைவாக இருக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பழைய போனில் உள்ள தேதியை நம்பாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் போட்டவுடன் பல போன்கள் உற்பத்தியாளர் வைத்த ஏதோ ஒரு ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். அதன் பிறகு பதிந்த தாலாட்டெல்லாம் அந்த ஜனவரியில் பதிந்ததாகவே கோப்பு சொல்லும். 'சவுண்ட் கிளிப் 14' என்ற பெயரும் யாருக்கும் எதையும் சொல்லாது. ஆகவே மாற்றும் நாளன்றே வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து ஒவ்வொன்றையும் போட்டுக் கேளுங்கள். பேசுவது யார், எந்த ஊர், எந்த விசேஷம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாற்றிய கோப்புக்கு அந்தப் பெயரையே வையுங்கள். மூலமும் மாற்றியதும் சேர்த்து இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் அல்லது தங்கை வீட்டில். போன் இன்னும் உயிரோடு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.